இரண்டு மணிப் பதிவு

நோயாளியின் காலில் சுற்றியிருந்த நீலத் துண்டைப் பற்றி எந்தச் சார்ட்டிலும் யாரும் எழுதியிருக்க முடியாது. ஆனால் ரோஹிணியின் லேப்டாப்பில் திறந்த இந்த வாரப் பாடத்தில் அது இருந்தது.

அயர்லாந்து வேலைக்குப் போகும் நர்சுகளுக்கான ஆன்லைன் வகுப்பு அது. வாரம் ஒரு நோயாளியின் விவரம் வரும். பதில் எழுத எழுத அடுத்த பக்கம் திறக்கும். கடைசியில், தான் அந்த இடத்தில் என்ன செய்திருப்போம் என்பதை யோசித்து நேர்மையாக ஒரு குறிப்பு எழுத வேண்டும். இது முடிந்தால் விசா. நகரியில் விசைத்தறி ஓட்டும் பெற்றோர் அவள் புறப்படும் நாளை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

திருப்பதி வாடகை அறையில் மதியப் புழுக்கம். தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டில் மிக்சி ஓடி ஓடி நிற்க, காயாத துணியின் வாடையோடு வேறு ஒரு வாடையும், வார்டில் தரை துடைக்கும் மருந்தின் வாடை, மெல்ல அறைக்குள் பரவிக்கொண்டிருந்தது.

திரையில்: அறுபத்தொரு வயது ஆண். ஊர் குடுபல்லி. ஜன்னலோரப் படுக்கை.

சின்னசாமி. மூன்று மாதத்துக்கு முன் வார்டில் அவள் பொறுப்பில் இருந்தபோது இறந்தவர்; காலில் அதே நீலத் துண்டு. “மூச்சு முட்டிக்கினு கீதும்மா,” என்று அவர் சொன்னதும், ஓயாமல் கத்திய மானிட்டரின் சத்தத்தை அவள் அணைத்ததும், படுக்கைப் பக்கமே போகாமல் இரண்டு மணிக்கு ‘நார்மல்’ என்று எழுதியதும் வேறு யாருக்கும் தெரியாது.

‘இரண்டு மணிக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?’

நாடி பார்த்தேன் என்று எழுதினாள். அதே கேள்வி மறுபடி வந்தது. ஆக்சிஜன் அளவு பார்த்தேன் என்றாள். மறுபடி அதே கேள்வி.

சித்தூரிலிருந்து வகுப்பை நடத்தும் கோபிகிருஷ்ணனுக்குப் போன் செய்து, குடுபல்லி ஆள் கேஸை யார் எழுதியது என்று கேட்டாள்.

“அப்டி ஒரு கேஸே நான் போடலியேம்மா. உனக்கு அனுப்பிக்கிறது சக்கரை நோயாளி கேஸு.”

போனை வைத்தாள். வெகுநேரம் கழித்து எழுதினாள்: பார்க்கவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கம் நகர்ந்தது.

‘கலந்துரையாடல் தொடங்குகிறது. பங்கேற்பவர்கள்: இருவர்.’

திரையில் ஒரு கட்டம் விரிந்தது. படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவதுபோல் வார்டின் கூரை. மெதுவாகச் சுற்றும் ஃபேன். அவளுடைய முகம் குனிந்து வந்து, கையை நீட்டி எதையோ அணைத்துவிட்டு விலகியது. பிறகு கூரை மட்டும். இழுத்து இழுத்து மூச்சு. நீண்ட இடைவெளி. மறுபடி ஒன்று.

பிறகு இல்லை.

படம் மறையவில்லை. அசைந்தது. எழுந்து உட்கார்ந்தது. படுக்கைகளைக் கடந்து நடந்தது. வார்டு வாசலுக்கு அப்பால் இருந்தது அவள் அறைக்கு ஏறும் மாடிப்படி.

படி. இன்னொரு படி.

மிக்சி நின்றிருந்தது. லேப்டாப்பை மூட நினைத்தாள். கை எழவில்லை.

கதவு.

திரையில், மிக அருகில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு. தலைக்குக் குளித்த ஈரம் இன்னும் கூந்தலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.