தேவதாசன் வாங்கிப் போன படம்

க்ளிக்!

கதவுப் பூட்டு விழுந்தது. அன்டன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன். 2003 மே மாதம். மூன்றாம் மாடியில் அன்டனின் வீட்டுக் குசினியில், அடுப்போரமாகச் செலீன் நின்றாள்.

"தேவதாசன்ரை சாமான் தாறன், நெகடிவையும் கொண்டா எண்டுதானே கூப்பிட்டனீங்கள், அண்ணை?"

"தாறன். முதல் இந்தப் படத்தின்ரை கதையைச் சொல்லு, தங்கச்சி."

மேசையில் ஒரு நினைவு அட்டை. ஆற்றில் பிணமாக மிதந்த தேவதாசன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும், அவனுடைய அறைத்தோழன் அன்டன்தான் இன்று காலை கோயில் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம், ஓரமாக நின்ற ஒரு வெள்ளைக்காரருக்குக்கூட, அதைக் கொடுத்தான். நல்ல மனுசன் என்று ஊரே அவனை மெச்சியது.

செலீன்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை... அது தன் கமராவில் எடுத்த படம் என்று அவனிடமே சொல்லிவிட்டாள்.

ஞாயிறானால் கமராவும் கையுமாகத் தெருவில் நிற்பவள் அவள். முன்பின் தெரியாதவர்களை மறித்துப் படம் எடுப்பாள். அவர்களின் கதை கேட்பாள். அடுத்த ஞாயிறு படத்தை அவரவர் கையிலேயே கொடுப்பாள்.

"எப்ப குடுத்தனீ?"

"அவர் காணாமல்போன ஞாயிறு. பின்னேரம் அஞ்சு மணிக்கு, மெட்ரோ வாசலிலை..."

சொல்லும்போதே உறைத்தது. காலையில் போனவன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை என்று பொலிசில் சொன்னவன் இந்த அன்டன். அப்படியானால் ஐந்து மணிக்குக் கொடுத்த படம் இவனிடம் எப்படி வந்தது?

"அண்ணை... நீங்கள் அவரை அஞ்சு மணிக்குப் பேந்து கண்டிருக்கிறியள்."

"ஸ்ருடியோவிலை எடுத்த பழைய படமெண்டு நினைச்சிட்டன்." அன்டன் பெருமூச்சு விட்டான். "அவன் உன்னட்டை என்ன கதை சொன்னவன்?"

செலீன் பின்வாங்கினாள். முதுகில் பல்கனிக் கதவு முட்டியது.

"அவரின்ரை தம்பியை ஆமிக்குக் காட்டிக்குடுத்தவனைப் பற்றி. சாக்காலை முகத்தை மூடிக்கொண்டு, ஆளைப் பாத்துத் தலையாட்டினவனாம். அவனை இந்த ஊரிலை கண்டுபிடிச்சிட்டன் எண்டவர். பேர் சொல்லேல்லை."

"சாக்குக்குள்ளை இருந்து பாத்தால் எல்லா முகமும் ஒண்டுதான், தங்கச்சி. நெகடிவைத் தா."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அடுப்பில் பிடித்தான். சுருண்டு, நாறிக் கரிந்தது.

"இனி நீ மட்டும்தான் மிச்சம்." பல்கனிக் கதவைத் திறந்து அவளை வெளியே தள்ளினான். "படம் எடுக்க எட்டிப் பாத்தவள், கால் வழுக்கிச்சு. ஆர் சந்தேகப்படப் போகினம்?"

கம்பி இடுப்பில் குத்தியது. கீழே ஈ காக்கை இல்லை. செலீன் கம்பியை இறுகப் பிடித்தாள்.

"எத்தினை கார்ட் குடுத்தனீங்கள், அண்ணை?"

"முந்நூறு. ஏன்?"

டமார்!

வாசலுக்கு வந்தவர்களுக்கு உள்ளே நடந்த இழுபறி கேட்டிருக்க வேண்டும்; பூட்டு உடைந்து கதவு திறந்தது. இரண்டு பொலிஸ்காரர்கள் பாய்ந்து அன்டனை மடக்கினார்கள். பின்னால் ஓர் அதிகாரி. காலையில் பூசைக்கு வந்திருந்த அதே வெள்ளைக்காரர். கையில் அதே அட்டை.

அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மூச்சு வாங்க, செலீன் தமிழாக்கினாள்.

"பிரேதம் கிடைச்ச அண்டைக்கே, அஞ்சு மணிக்கு அவர் வாங்கிப் போன படம் எண்டு சொல்லி நான் இவரிட்டை இதின்ரை கொப்பி குடுத்தனான். பிரேதத்தின்ரை பொக்கற்றிலை அது இல்லையாம். அதை எடுத்தவனை ஒரு மாசமாத் தேடினவராம். இண்டைக்குக் கோயில் வாசலிலை இதைத் தந்தது நீங்கள்தானோ எண்டு கேக்கிறார்."

அன்டன் அட்டையைப் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டினான்.

பழக்கதோஷம்! இந்த முறை முகத்தில் சாக்குத்தான் இல்லை.