ஜம்ப்சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில்

தியா நிக்கலாய் உள்ளே வந்ததும் உட்காரவில்லை. பனி ஒட்டிய பூட்ஸோடு மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு கையெழுத்துப் போட்டா விட்டுடறாங்களாம், கேப்டன். நான் போட மாட்டேன்."

"போடச் சொல்லி இங்க யாரும் கேக்கலையே. உக்காரு" என்றார் வில்மா ஸ்ட்ரவுட்.

ஆங்கரேஜ் விமான நிலையத்தை ஒட்டி, ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்தது விமானிகள் சங்க அலுவலகம். சரக்கு விமானம் ஓட்டி ஓய்வு பெற்ற வில்மா அங்கே ஒரே ஒரு வேலையைப் பார்த்தார். ஜம்ப்சீட் சண்டைகளைத் தீர்ப்பது. ஓரிடத்தில் வீடு, வேறிடத்தில் வேலை என்று இருக்கும் விமானிகள், காக்பிட்டில் ஓட்டுபவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்த மடக்கு இருக்கையில் ஓசியில் ஏறி வேலைக்குப் போவார்கள். பயணிகள் விமானம் நிரம்பி வழிந்தால் சரக்கு விமானம்தான் கதி. வாசலில் நின்று கேப்டனிடம் கேட்க வேண்டும். அவர் தலையசைத்தால் இடம்.

மணிக்கட்டு முறிந்து பறக்க முடியாமல் இருந்த நேட் புலாஸ்கி, பொழுது போகாமல் வில்மாவுக்கு உதவியாக ஒட்டிக்கொண்டிருந்தான். தியாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டவன் அவன்தான்.

தியாவுக்கு வீடு ஆங்கரேஜில்; வேலை சிகாகோவில், ஒரு பயணிகள் விமான நிறுவனத்தில். போன வாரம் டால்ஸ்டன் கார்கோ விமானத்தில் போயிருக்கிறாள். கேப்டன் ஹார்லன் கோய்ல், துணை விமானி வெஸ் ஆபர்நாதி. அவள் இறங்கிப் போன பிறகு ஜம்ப்சீட்டுக்கு அடியில் விஸ்கி பாட்டில் கிடந்ததாகக் கோய்ல் புகார் கொடுத்துவிட்டார். வழியில் அவள் குடித்ததைக் கண்ணால் பார்த்தாராம்.

"புகார் என் காதுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு நாள் ஆயிடுச்சு. அப்புறம் ஊதிக் காட்டி என்ன பிரயோஜனம்? அன்னிக்குச் சாயங்காலமே நான் விமானம் ஓட்டியிருக்கேன். குடிச்சிட்டு ஓட்டினேன்னு ஆச்சுன்னா என் லைசென்ஸே போச்சு."

"கையெழுத்து எதுக்கு?" என்றான் நேட்.

"மரியாதைக் குறைவா நடந்துக்கிட்டேன், மன்னிக்கணும், இனிமே டால்ஸ்டன் ஜம்ப்சீட் கேக்க மாட்டேன்னு. போட்டா பாட்டிலை மறந்துடுவாங்களாம். என்ன பெரிய மனசு!"

வில்மா சூரியகாந்தி விதை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "கோய்லுக்கு உன்மேல என்ன கோபம்?"

"சிகாகோவுல இறங்கறப்ப தரையிலேருந்து கன்ட்ரோலர் நாலாயிரம் அடியில நில்லுன்னார். இவர் நிக்காம இறங்கிட்டே இருந்தார். வெஸ் ரேடியோவுல பேசிட்டிருந்தான், கவனிக்கல. 'உயரம், உயரம்!'னு நான்தான் கத்தினேன். சட்டுனு தூக்கினார். அடியில இன்னொரு விமானம் போச்சு. தரையிறங்கினதும் கை குலுக்கி நன்றின்னார். நான் இதை மேல எழுதப் போறேன், நீங்களும் எழுதிடுங்கன்னேன். அதுக்கும் சிரிச்சார்."

"வெஸ் என்ன சொல்றான்?"

"அப்படி ஒண்ணும் நடக்கலையாம்." தியா முதல் முறையாகத் தலையைக் குனிந்தாள். அடுத்த நொடியே நிமிர்ந்தாள். "இப்ப நான் எழுதினா பழி வாங்கறேம்பாங்க. சொல்லிக்கட்டும். எழுதத்தான் போறேன்."

டால்ஸ்டன் அனுப்பிய புகைப்படத்தை வில்மா வெகுநேரம் பார்த்தார். நேட்டும் எட்டிப் பார்த்தான். மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒரு தட்டை பாட்டில், அடியில் ஒரு வாய் விஸ்கி, மூடி இறுக்கமாக, பக்கங்கள் கடையில் வாங்கினது போல வழவழவென்று. அவனுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"சிகாகோவுக்கு மூணு டிக்கெட் போடு, நேட். போற வழியில இதே விஸ்கி ஒண்ணு வாங்கணும்."

வாங்கியதும் வில்மா செய்த காரியம் நேட்டைப் பதற வைத்தது. மொத்த விஸ்கியையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்.

"ஐயோ, கேப்டன்! முன்னாடியே சொல்லியிருந்தா நான் காலி பண்ணிக் குடுத்திருப்பேனே!"

"அதான் சொல்லல."

காலி பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் விமானம் உச்ச உயரத்துக்குப் போய்க் கனடாவின் மேல் பறக்கும்போது, பணிப்பெண்ணிடம் தண்ணீர் கேட்டு அதில் கொஞ்சம் ஊற்றி, மூடியை இறுகத் திருகிப் பைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். நேட்டுக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் தண்ணீர், எதற்குப் பாட்டில் என்று கேட்டுக் கேட்டு அலுத்து, தியாவைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, தன் அறிக்கையில் எழுத வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டால்ஸ்டனின் தலைமை விமானி லிண்ட்குவிஸ்ட் நாசூக்கானவர். தன் சிகாகோ அலுவலகத்தில் எல்லோருக்கும் காபி வரவழைத்தார். கோய்ல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வெஸ் யாரையும் பார்க்காமல் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஜை நடுவில், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறைக்குள் அந்த விஸ்கி பாட்டில்.

"கேப்டன் கோய்ல், ரெண்டே கேள்வி" என்றார் வில்மா. "தியா எப்பக் குடிச்சா?"

"கனடா மேல போறப்ப. திரும்பிப் பார்த்தேன். ஒரு வாய் குடிச்சா, மூடினா, சீட்டுக்கடியில தள்ளினா. அப்புறம் ஒரே தூக்கம். இறங்கற வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல."

"அப்புறம் இந்த மூடியை யார் திறந்தாங்க?"

"யாரும் திறக்கல. எப்படிக் கிடந்துச்சோ அப்படியே எடுத்து உறையில போட்டேன். சாட்சியமாச்சே! அவ்வளவு கூடவா தெரியாது எனக்கு?"

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி, வில்மா தம் பையிலிருந்து பாட்டிலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

நேட்டின் வாயிலிருந்து தானாகவே ஒரு சத்தம் வந்தது. யாரோ கையால் பிடித்து நசுக்கியது போல வில்மாவின் பாட்டில் இரண்டு பக்கமும் உள்ளே குழிந்து ஒட்டிக் கிடந்தது.

"இன்னிக்குக் காலையில கனடா மேல நான் மூடினது. அப்புறம் தொடவே இல்ல. மேல கேபினுக்குள்ள காத்து இங்கத்து காத்து மாதிரி அழுத்தமா இருக்காது. ஒரு மலை உச்சியில இருக்கற மாதிரிதான். அங்க மூடின பாட்டிலைக் கீழ கொண்டுவந்தா, வெளிக்காத்து அமுக்கி நசுக்கிடும். நம்ம தண்ணி பாட்டிலுக்கு இது தினமும் நடக்குது. நம்ம எல்லாருக்கும் தெரியும். இதுல மட்டும் யாருக்கும் தோணல." உறைக்குள் வழவழவென்றிருந்த பாட்டிலை அவர் ஒரு விரலால் தட்டினார். "இது குழியவே இல்ல. இதை மூடினது தரையில, லிண்ட்குவிஸ்ட். கேப்டன் கோய்ல் பார்த்ததாச் சொல்றது நடக்கவே முடியாது."

"அப்ப... ஏறறதுக்கு முன்னாடியே குடிச்சிருப்பா" என்றார் கோய்ல். கால் கீழே இறங்கியிருந்தது.

"கனடா மேல கண்ணால பார்த்தேன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"எங்கேயோ குடிச்சா! குடிக்காமலா என் காக்பிட்டுல, என் காதுக்குள்ள அப்படிக் கத்துவா?"

நேட்தான் முதலில் பிடித்துக்கொண்டான். "தூங்கிட்டிருந்தவ எப்படி சார் கத்தினா?"

கோய்ல் வெஸ் பக்கம் திரும்பினார்.

வெஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "உயரம்னு கத்தினாங்க. நாலாயிரத்துக்குக் கீழ போயிட்டோம். அவங்க மட்டும் கத்தலைன்னா..." அவன் தியாவின் பக்கம் திரும்பினான். "என்னை கேப்டனா உயர்த்தறதுக்கு இவர்தான் சிபாரிசு பண்ணணும். வாயை மூடுன்னார். மூடிட்டேன். பாட்டில் விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது, தியா. என்னை மன்னிச்சிரு."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றாள் தியா. "முதல்ல நீ பார்த்ததை உன் பேர் போட்டு எழுது. நானும் எழுதறேன். ரெண்டும் ஒண்ணாப் போகட்டும்."

லிண்ட்குவிஸ்ட் தொண்டையைச் செருமினார். "மிஸ் நிக்கலாய், புகாரை நாங்க வாபஸ் வாங்கிக்கறோம். இது இந்த அறையோட இருக்கட்டும். ரெண்டு பக்கத்துக்கும் நல்லது."

"என்னைக் குடிகாரின்னு சொன்னது மட்டும் இந்த அறையோட இருந்துச்சா? என் நிறுவனத்துக்கு எழுதினீங்க. பொய்ப் புகார்னு அவங்களுக்கே எழுதுங்க. அப்புறம் அந்த மன்னிப்புக் கடிதம், இன்னும் இருக்குல்ல? கையெழுத்துப் போடற இடம் காலியாத்தான் இருக்கு. அவர் போடட்டும்."

கோய்ல் எழுந்தார். "உக்காருங்க, ஹார்லன்" என்றார் லிண்ட்குவிஸ்ட், நாசூக்கெல்லாம் போன குரலில். கோய்ல் உட்கார்ந்தார்.

வில்மா விதைப் பொட்டலத்தைப் பிரித்து நேட்டிடம் நீட்டினார். தியா கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு எப்படிப் போகப் போறீங்க?" என்று லிண்ட்குவிஸ்ட் கேட்டார். அவருக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது போலும்.

"மத்தியானம் ஆங்கரேஜுக்கு உங்க விமானம் ஒண்ணு போகுதே, அதுல."

அவர் அவசரமாகத் தொலைபேசியை எடுத்தார். "இருங்க, ஜம்ப்சீட் குடுக்கச் சொல்லி இப்பவே கேப்டன்கிட்ட சொல்லிடறேன்."

"வேண்டாம்" என்றாள் தியா. "யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம். எப்பவும் போல நானே போய் வாசல்ல நின்னு கேட்டுக்கறேன்."

அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விமானங்கள் நின்ற பக்கமாக நடந்தாள்.