நல்ல பிள்ளையான தெரு

பிரேக்கைக் கண்டுபிடித்தவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இது பட்டாசின் மாமா உலகத்துக்கு அளித்த பேருண்மை. திறமைசாலிக்கு ஹாரன் போதுமாம்.

மாமாவுக்கு வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலை. அவருடைய நீல ஸ்கூட்டர் வந்தால் தெருவில் நடப்பவர்கள் பல்லியைப் போலச் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள்.

பட்டாசு அவருடைய அக்கா மகள். ஐந்தாம் வகுப்பு. அநியாயத்தைக் கண்டால் வெடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர் அது.

அவர்கள் தெரு இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே ஒரு குறுக்குவழி. சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாத வண்டியெல்லாம் அதில்தான் பறக்கும். ஒருநாள் ஒரு வேன், வாசலோரம் இருந்த அவள் தம்பியின் மூன்று சக்கர சைக்கிளை நசுக்கியது. நல்லவேளை, தம்பி தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தான். வேன்காரர் இறங்கிவந்து, சைக்கிளை இங்கேயா நிறுத்துவது என்று திட்டிவிட்டுப் போனார்.

அன்றே அம்மா கேட்டைப் பூட்டினார். இனி பிள்ளைகள் தெருவில் இறங்கக் கூடாது. எதிர்வீட்டுத் தோழியிடம் பட்டாசு மாடியில் நின்று கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ரகசியங்கள் எல்லாம் ஊருக்கே தெரிந்துபோயின.

"தப்பு பண்ணினது வேன். பூட்டு மட்டும் எங்களுக்காம்மா?"

அம்மா பூட்டை எடுக்கவில்லை. ஆனால் அவளோடு நகராட்சி அலுவலகத்துக்கு வந்தார். பாதிக்கு மேற்பட்ட வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், பொறியாளர் வந்து வேகத்தை அளப்பார், வேகம் அதிகமாக இருந்தால் வேகத்தடை போடுவோம் என்றார்கள் அங்கே.

இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தோழியின் அம்மாவான தையல்கார அத்தைதான் முதலில் கையெழுத்திட்டார். ஒருவர் தன் காரின் வயிறு உரசும் என்று வருத்தப்பட்டார். தினமும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் இன்னொருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மாமா மட்டும் சிரித்தார்.

"வண்டி ஓட்டத் தெரியாதவங்களுக்கு ரோடே போடுற பிரேக்தான் வேகத்தடை. எனக்கு எதுக்கு?"

எப்படியோ பாதி தாண்டியது. பொறியாளர் அக்கா வரும் நாளும் தெரிந்தது. அங்கேதான் தெரு சொதப்பியது.

விருந்தாளி வருகிறார் என்று வாசல்களைப் பெருக்கினார்கள். அவர் மஞ்சள் சட்டையோடு கருவியை நட்டுவைத்து நின்றதும் வண்டிகள் எல்லாம் ஊர்ந்தன. மாமா, ஸ்கூட்டரில் தூங்கும் குழந்தையை வைத்திருப்பவரைப் போல ஓட்டிவந்து வணக்கம் வேறு வைத்தார்.

இவ்வளவு ஒழுங்கான தெருவுக்கு வேகத்தடை தேவையில்லை என்றார் பொறியாளர் அக்கா. தெருவே பூரித்துப்போனது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர் கைகூடத் தட்டினார்.

பட்டாசு கேட்டுக்கு உள்ளே நின்றபடியே பொறியாளர் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு நாங்க எல்லாருமே நல்ல பிள்ளைங்கதான். மறுநாள் வந்து பாத்தா தெரியும். நீங்களும் சொல்லாம வாங்க. மஞ்சள் சட்டை வேண்டாம்."

அவர் நசுங்கிய சைக்கிளைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார்.

"எங்க உக்கார்றது?"

"எதிர்வீட்டு அத்தையோட தையல் கடையில. தொங்குற துணிக்குப் பின்னாடி யாருக்கும் தெரியாது."

சில நாள் கழித்து, கிழிந்த துப்பட்டா தைக்க வந்தவரைப் போல அவர் வந்தார். தெரு தன் சுயரூபத்தைக் காட்டியது. சாயங்காலம் வெளியே வந்தவர், வேகத்தடை கட்டாயம் வரும், சில வாரம் ஆகலாம் என்றார். அது வரப்போகும் இடத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டார்.

"எல்லாரையும் விட வேகமா போனது ஒரு நீல ஸ்கூட்டர். யாருதுன்னு தெரியுமா?"

நீல ஸ்கூட்டர் பட்டாசின் வீட்டு வாசலில்தான் நின்றது, நசுங்கிய மூன்று சக்கர சைக்கிளுக்குப் பக்கத்தில். அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். மாமாவுக்குக் காது சிவந்தது.

மறுநாள் பட்டாசு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஆள் இல்லை, வண்டி இல்லை, வேகத்தடையும் இன்னும் இல்லை. நீல ஸ்கூட்டர் முனையில் திரும்பியது. ஹாரன் சத்தம் கேட்கவில்லை. வெறும் வெள்ளைக் கோட்டின் முன்னால் மாமா பிரேக்கை அழுத்தினார், இரண்டு பக்கமும் பார்த்தார், மெல்ல உருட்டிக்கொண்டு கோடுகளைத் தாண்டிப் போனார்.