எட்வர்டின் படங்களில் வந்து நின்ற எல்லைக்கல்

மிக்கேலம்மாள் மகளின் கல்யாணப் படத்தில், மாப்பிள்ளைக்குப் பின்னால், ஒரு வெள்ளைக்கல் நின்றது.

முதலில் கண்டவள் எட்வர்டின் மனைவி ஜோதிமேரி. "என்னங்க, ஸ்டுடியோவுக்குள்ள ஏது கல்லு?"

"கண்ணாடித் தகட்டுல கறை."

பாம்பனில் படம் பிடிப்பவன் அவன் ஒருவன்தான். அவன் கறை என்றால் கறைதான். பட்டணத்தில் தொழில் படித்த பெருமையை மீன் வாங்கும் இடத்தில்கூட அளந்துகொண்டிருந்த மனிதன், சித்திரையிலிருந்து வாயே திறப்பதில்லை என்பதை மட்டும் ஊர் கவனித்து வைத்திருந்தது. ஊருக்கு வேறென்ன வேலை?

அடுத்த வாரம் ஞானஸ்நானப் படம். கல் குழந்தைக்கு முன்னால் வந்திருந்தது. முன்னே. காமிராவை நோக்கி.

அந்தக் கல்லை எட்வர்டுக்குத் தெரியும். சரளை கொட்டிய இடம் மட்டும்தான் ரயில்வேக்காரன் நிலம் என்று பலருக்கு நினைப்பு. அப்படியில்லை, தாழம்புதர் வரைக்கும் அவர்களுடையது, அங்கே சுண்ணாம்படித்த கல் நட்டிருக்கும். லைன் பார்க்கும் ராக்கப்பன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "ஏலே எட்வர்டு, கல்லுக்கு இங்கன நின்னு எத்தனை படம்னாலும் புடி. தாண்டாத."

"இங்கன நின்னா ரயிலு எறும்பாட்டம்ல தெரியும்?" என்று சிரித்தவன்தான் இவன்.

சித்திரையில் கோயிலுக்கு வந்த புதுப்பெண் சேதுலட்சுமி, ரயிலோடு ஒரு படம் வேண்டுமென்று ஆசைப்பட்டாள். புருஷன் நாகநாதன் அவள் தலைக்குப் பூ வாங்கப் போயிருந்தான். படத்தைக் கெடுக்கிறதே என்று கல்லின்மேல் ஒரு பழைய வலையைப் போட்டு மூடிவிட்டு, எட்வர்டு அவளைத் தண்டவாளத்தை ஒட்டி நிறுத்தினான். "நான் லென்ஸு மூடியத் திரும்பப் போடுற வரைக்கும் அசையாத தங்கச்சி. திரும்பவும் கூடாது."

கறுப்புத்துணிக்குள் தலையை விட்டான். காமிராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழ்: கடல் மேலே, வானம் கீழே, அவள் வௌவாலைப்போல் தொங்கினாள். அவளுக்குப் பின்னால் ரயில். இரைச்சலையெல்லாம் காற்று கடலுக்கு அள்ளிப் போய்விட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. அவன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். இன்னும் கொஞ்சம் பெரிதாக வரட்டுமென்று காத்திருந்தான்.

சொன்ன சொல் கேட்கிற பெண். அசையவே இல்லை.

"கல்லத் தாண்டாதன்னுதான் சொன்னேன். அவளாப் போயி நின்னா" என்று விசாரணையில் நெஞ்சில் சிலுவை போட்டுச் சொன்னான். அந்தப் படத்தின் தகட்டை அதற்கு முன்பே பாறையில் உடைத்திருந்தான். நாகநாதன் அதைக் கேட்டுத் தலை குனிந்தான். செத்தவள்மேல் பழி நின்றது. எட்வர்டுக்குக் கடை நிலைத்து நின்றது.

இன்றைய தகட்டைக் கழுவ, மத்தியானமே இருட்டறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினான். சிவப்பு விளக்கு. மருந்தின் புளித்த நெடி. தட்டில் மெல்ல மெல்லக் கறுத்து எழுந்தது கல்; தகட்டில் வெள்ளை கறுப்பாகத்தான் விழும். படம் முழுக்கக் கல். மனித முகத்துக்கே இடமில்லை. இனி முன்னே வர அதற்குப் படத்துக்குள் தரையில்லை.

"ஜோதி!"

விளக்கு அணைந்தது.

நேற்றுவரை ஓட்டையில்லாத கதவில் ஊசிமுனையளவு வெளிச்சம். எதிர்ச்சுவரில் அது தலைகீழாக விரிந்தது. தெருவும் கோயில் சிலுவையும் விழுந்திருக்க வேண்டும். விழுந்தது தண்டவாளம். தாழம்புதர். மூன்றுகால் காமிரா ஒன்று. அதன்மேல் கறுப்புத்துணி, துணிக்குள் யாரோ குனிந்திருந்தார்கள். துணிக்கு வெளியே புதுச்சேலையின் கரை தெரிந்தது.

கரிப்புகை மணத்தது. தட்டிலிருந்த மருந்து நடுங்கியது. கால் வைத்த இடம் சிமெண்டு இல்லை, சரளை.

நான்தான் நிற்கச் சொன்னேன். சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

முதுகில் வெக்கை. திரும்பவில்லை.

சுவரில், துணிக்குள்ளிருந்து ஒரு வளையல் கை நீண்டது. லென்ஸின் மூடியை நிதானமாகக் கழற்றியது.

திரும்பப் போடவில்லை.