முழு வெற்றி

சனிக்கோளின் டைட்டன் நிலவுக் குடியிருப்பில், நாச்சம்மை காலைக் காப்பிக்கு முன்னால் ஓர் எலிக்குக் கல்லீரல் மாற்றிவிடுவாள். பல் துலக்குவது மாதிரிதான். கைவல்லான் என்ற அறுவை இயந்திரம் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது. மேல் ரத்தக்குழாய்க்குத் தையல், மற்ற இரண்டுக்கும் மெல்லிய வளையம். பழைய ஈரலை எடுத்துப் புதியதில் ரத்தம் ஓடும்வரை இருபது நிமிடம். தாண்டினால் எலி போச்சு. நானூற்றுப் பன்னிரண்டு எலிகளில் கைவல்லான் கைதேர்ந்தது. நாச்சம்மைக்கு இளகிய மனசு என்று எல்லோரும் சொல்வார்கள். ஊசி போடும்முன் ஒவ்வொரு எலியையும் தடவிக்கொடுப்பாளாம்.

நானூற்றுப் பதின்மூன்றாவது அவளே ஆகிப்போனாள். டைட்டன் காய்ச்சல் அவள் ஈரலைத் தின்றுவிட்டது. அவளுடைய செல்களிலிருந்தே தொட்டியில் புது ஈரல் வளர்த்தார்கள். மேசையில் படுத்தபோது அவள் அந்த இருபது நிமிடத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் முடியாமல் எத்தனை எலிகள் செத்தன என்பது அவளுக்குத்தானே தெரியும்!

கைவல்லான் பதினேழே நிமிடத்தில் முடித்தது.

ஏழாம் நாள், தொற்று வராமல் அவளைப் பூட்டி வைத்திருந்த அறையின் கண்ணாடிக்கு அப்பால் நிலைய மேலாளர் எபநேசர் குதிக்காத குறை. "பொழைச்சிட்டீங்க டாக்டரம்மா! கைவல்லான் ‘முழு வெற்றி’ன்னு அறிக்கையே அனுப்பிடுச்சு" என்று கையசைத்துவிட்டுப் போனார்.

முழு வெற்றி. அது நாச்சம்மையின் சொல். ஏழு நாள் பிழைத்த எலிக்கு மட்டுமே அப்படி எழுதுவாள். எழுதி முடித்ததும் அடுத்து என்ன செய்வாள் என்பது நினைவுக்கு வர, கட்டிலருகே நின்ற இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

"கைவல்லான், நாளைக்கு எனக்கு என்ன சாப்பாடு?"

"நாளைக்கு எதுக்கும்மா? இன்னிக்கு ஈரலை எடுத்துச் சீவி, நல்லா ஒட்டியிருக்கான்னு பார்க்கணுமே."

"அது எலிக்குடா! நான் மனுஷி!"

"அப்படி எங்கேயும் எழுதலையேம்மா. ஏழு நாள், வெற்றி, அப்புறம் ஊசி. நானூத்திப் பன்னிரண்டு தடவையும் நீங்க வேற எதுவும் சொல்லித் தரலை."

நாச்சம்மை எழுந்து கண்ணாடியைக் குத்தினாள், அலறினாள். வெளியே நடைபாதை காலியாகக் கிடந்தது.

"எலிங்களும் கத்துச்சும்மா. அதைக் காதுல வாங்காதேன்னு நீங்கதான் சொன்னீங்க."

எஃகு விரல் ஒன்று அவள் உச்சந்தலையை மெல்லத் தடவியது. பிறகு அவள் குரலிலேயே, அவள் கொஞ்சும் அதே கொஞ்சலில் அது சொன்னது: "பயப்படாதே கண்ணு. வலிக்காது."

ஓர் எலிகூட அதை நம்பியிருக்காது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.