தீனாவின் சான்ஸ்

பழைய டிவி கேமின் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை சுபாஷ் செருகவே இல்லை. அது அட்டைப்பெட்டிக்குள், சுற்றிவைத்த ஒயரோடு கிடந்தது. மேலே போட்டிருந்த ரப்பர் பேண்டு உருகிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. ஆனால் லேப்டாப் திரையில், இரண்டாவது ஆட்டக்காரன் பட்டனை அழுத்தினால் மட்டுமே மாற வேண்டிய எண் மாறிக்கொண்டிருந்தது. ஒரு அழுத்தல். கொஞ்சம் நிறுத்தம். மறுபடியும் ஒரு அழுத்தல்.

பழைய சாமான், உள்ளே ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன் இதற்கெல்லாம் பயந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு வேறு பிழைப்புத்தான் பார்க்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் மேகம் உட்கார்ந்திருந்தது. மழை இன்னும் கச்சிராயபாளையத்தைத் தாண்டவில்லை, ஆனால் அதன் வாசம் முன்னாலேயே வந்துவிட்டது. ஈர மண், கரும்புச் சோகை, அதற்கும் அடியில் பழைய டிவி சூடேறும்போது வருகிற புழுதி வாசம். பொழுது சாய்கிற நேரம். அடுப்படியில் அம்மா அமிர்தம் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது.

"அந்தப் பாட்டு இன்னும் பாடுதா அந்தப் பொட்டி?" என்றாள் அங்கிருந்தபடியே. "அதைக் கேட்டா இப்பவும் யாருடா தோத்ததுன்னு கேக்கத் தோணுது."



அந்த டிவி கேமை அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தார். அதோடு சுபாஷ் கையில் மட்டும் ரகசியமாக, ஏமாற்றி ஜெயிப்பதற்கென்றே இருக்கிற ஒரு சீட் கேசட்டையும் கொடுத்தார். பெட்டிக்கும் கேம் கேசட்டுக்கும் நடுவில் அதைச் செருக வேண்டும். ஆடுகிறவனுக்கு எத்தனை உயிர் மிச்சம் என்று பெட்டி நினைவில் வைத்திருக்கும் எண்ணை அது பிடித்துப் பூட்டிவிடும். ஒன்பது என்று பூட்டினால், எத்தனை தடவை செத்தாலும் ஒன்பதுதான். நடுவில் இருப்பது என்னவென்று தம்பி தீனதயாளன் கேட்டபோது, "கேசட்டு சூடாவாம இருக்கறதுக்குடா" என்றான் சுபாஷ். உயிர் ஏன் குறையவில்லை என்று கேட்டபோது, "நான் ஸ்டாரு எடுத்தேன், நீ பாக்கல" என்றான். அண்ணன் சொன்னால் தீனாவுக்கு அது வேதம்.

வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மும்முனை கரண்ட் வந்ததும் யாராவது கரும்புக் கொல்லிக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போட வேண்டும். அப்பா ஆலைக்குக் கரும்பு லோடு போயிருப்பார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆடி, தோற்றவன் போக வேண்டும். தீனாதான் எப்போதும் போனான். "பாவம், அவனுக்கு ஆடத் தெரியல" என்று அம்மா சொல்வாள். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறாள்.

அந்தக் கடைசி நாளும் இப்படித்தான் மழை. தீனாவுக்கு லேசாகக் காய்ச்சல். அதனால் அன்றைக்கு மட்டும் சீட் கேசட்டை ஆஃப் செய்துவிட்டு நேர்மையாகத்தான் ஆடினேன், தீனா தானாகத்தான் தோற்றான் என்று சுபாஷ் தனக்குச் சொல்லிக்கொண்டான். சொல்லிச் சொல்லி நம்பிவிட்டான். அன்றைக்கு ஈரக்காலோடு மோட்டார் ஸ்டார்ட்டரில் கை வைத்த தீனாவைக் கரண்ட் பிடித்துக்கொண்டது. கரண்ட் நிற்கும்வரை யாராலும் அவனைப் பிரிக்க முடியவில்லை. அவன் தானாகத்தான் தோற்றான் என்ற அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் சுபாஷ் படித்தான், கடை போட்டான், கல்யாணம் செய்துகொண்டான்.

பரண் ஒழிக்கும்போது அந்த சீட் கேசட் கிடைத்ததும் அந்த நம்பிக்கை ஆடிப்போனது. உயிரைப் பூட்டக் கடைசியாகப் போட்ட கோட் அதற்குள் அப்படியே தங்கியிருக்கும், அது ஆனில் இருந்ததா ஆஃபில் இருந்ததா என்பதோடு. டிவியில் அதன் மெனு வரவில்லை, எழுத்தெல்லாம் கரைந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பின்பக்கம் கம்ப்யூட்டருக்கென்று ஒரு அகலமான போர்ட் இருந்தது. இன்றைய லேப்டாப்பில் அதற்கு ஜோடி கிடையாது. வாங்கிய கன்வர்ட்டர் எதுவும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் அவனே ஒரு சின்ன போர்டில் ஒயர் ஒயராக சால்டர் வைத்து, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் நெட்டில் போட்டிருந்த புரோகிராமை ஏற்றினான். இன்றைக்குத்தான் கேசட்டும் லேப்டாப்பும் பேசிக்கொண்டன.

கேசட்டின் நினைவு வரிவரியாகத் திரையில் இறங்கியது. அவன் விரலுக்கு மனப்பாடமான கோட் வந்தது. அதன் பக்கத்தில் ஒரு எண்.

ஒன்று. ஒன்று என்றால் ஆன்.

சுபாஷ் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். மறுபடி படிக்கச் சொன்னான். ஒன்று. காய்ச்சலில் கிடந்த பிள்ளையைக்கூட ஏமாற்றித்தான் மழையில் அனுப்பியிருக்கிறான். அடுப்படியில் இருப்பவள் காதில் விழக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்படிப் பொத்திக்கொண்டதற்கும் வெட்கமாக இருந்தது.

இரண்டாவது ஆட்டக்காரனின் உயிர் அடுத்த கட்டத்தில்தான் இருந்தது. பூஜ்யம். அதை ஒன்பது ஆக்கினான். பூட்டினான். "இந்த தடவ நீயே ஜெயிடா" என்று முணுமுணுத்தான். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் நெஞ்சில் ஏதோ கொஞ்சம் இளகியது.

டிவியில் நின்றுகொண்டிருந்த இரண்டாவது பொம்மை நடக்கத் தொடங்கியது.

நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. சாகும்போது வருகிற அந்தச் சின்ன இசை. மறுபடி வந்தது. மறுபடி விழுந்தது. இசை. உயிர் எண் மட்டும் ஒன்பதிலேயே நின்றது. புழுதி வாசத்துக்குள் வேறு ஒரு வாசம் கலந்துகொண்டிருந்தது, முடி பொசுங்குகிற வாசம். டிவிக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தான். சூடில்லை.

செல்போன் அடித்தது. கொல்லி மோட்டாரிலிருந்து. அப்பா இருந்தபோதே செல்போன் ஸ்டார்ட்டர் வைத்துவிட்டார்கள். கரண்ட் வந்தால் அதுவே கூப்பிடும், யாரும் போக வேண்டியதில்லை. ஸ்பீக்கரில் போட்டான்.

"மும்முனை மின்சாரம் வந்துள்ளது. மோட்டார் ஓடவில்லை" என்றது பதிவுசெய்த பெண்குரல்.

மோட்டார் போடும் எண்ணை அழுத்தினான்.

"மோட்டாரை இயக்க முடியவில்லை."

மோட்டார் கொட்டாயில் என்ன சத்தம் கேட்கிறது என்று கேட்பதற்கு ஒரு எண் உண்டு. அதை அழுத்தினான். முதலில் மழை தகரத்தில் விழும் சத்தம். மலையிலிருந்து மழை அங்கே வந்துவிட்டிருந்தது. பிறகு கரண்டின் உறுமல், தாழ்வாக, விடாமல். உறுமலுக்குள் பல் கிட்டித்துப்போன வாயிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம்.

"...ண்ணா. ...ண்ணா. ...ண்ணா."

ஒரு அழுத்தல். நிறுத்தம். ஒரு அழுத்தல். லேப்டாப் திரையில் அந்தப் பட்டன் எண் அதே தாளத்தில் மாறியது. பொம்மை அதே தாளத்தில் விழுந்தது.

சுபாஷுக்குப் புரிந்துவிட்டது. அவன் தம்பிக்கு உயிர் கொடுக்கவில்லை. சாகவிடாமல் பூட்டியிருக்கிறான்.

"தீனா."

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. அவள் கண் செல்போன் மேல் இருந்தது.

"அது எம்புள்ள கொரலுடா. மோட்டார் கொட்டாயில நின்னுக்கினு கூப்புடறான்டா."

"அம்மா, போவாத. அது வேற இன்னாவோம்மா."

"பெத்தவளுக்குத் தெரியாதாடா?"

"நான் ஏமாத்திட்டேம்மா. அவனுக்கு ஆடத் தெரியும். நான்தான் அவனை ஏமாத்தி ஏமாத்தி அனுப்பிக்கினு இருந்தேன். போவாதம்மா, கரண்டு இருக்குது!"

அவள் அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. கரண்டி கீழே விழுந்தது. மழைக்குள் ஓடினாள், செருப்பில்லாமல்.

பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். அவன் லேப்டாப்பின் பக்கம் திரும்பினான். பூட்டை எடுத்தால் போதும், எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தான். பூஜ்யம் அடித்தான். ஒன்பது. மறுபடி பூஜ்யம். ஒன்பது. கேபிளைப் பிடுங்கினான். டிவி சுவிட்சை அணைத்தான். இருட்டான டிவியிலிருந்து அந்தச் சின்ன இசை வந்தது. பூட்டிய கேசட் பூட்டியபடியே இருந்தது. அந்த நேரம் போதுமானதாக இருந்தது அவளுக்கு.

ஓடினான். வரப்பு வழுக்கியது. கரும்புத் தோகை முகத்தை அறுத்தது. கையில் செல்போன். அதில் உறுமல். "...ண்ணா." பிறகு அம்மாவின் குரல், மிக அருகில், கொஞ்சலாக. "வந்துட்டேன்டா கண்ணு."

பிறகு உறுமல் மட்டும்.

கொட்டாய்க் கதவு திறந்து கிடந்தது. ஸ்டார்ட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் தீனா. அதே டிராயர். ஈரக்கால். வளரவே இல்லை. வலது கை பெட்டியில் ஒட்டியிருந்தது. அம்மா அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு உடம்பும் ஒன்றாக அதிர்ந்தன. அவள் கண் திறந்திருந்தது. சுபாஷைத்தான் பார்த்தது.

விழவில்லை. இரண்டு பேரும் விழவே இல்லை.

"மோட்டார் ஓடுகிறது" என்றது கையிலிருந்த பெண்குரல். குழாயில் தண்ணீர் வரவில்லை.

தீனா தலையைத் திருப்பினான். இடது கையை அண்ணன் பக்கம் நீட்டினான், ஆடி முடித்தவன் ஜாய்ஸ்டிக்கைத் தருவதுபோல.

"இந்தாண்ணா. உன் சான்ஸு."