பூட்டுத்தோள்

காலையில் கணவனின் வலது தோளில் சுத்தியலால் நான்கு அடி அடித்துவிட்டுத்தான் ராக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். நான்காவது அடியில் ஆணி இறங்கும். ரம்பம் தோளோடு சேர்ந்துகொள்ளும்.

கமுதிப் பக்கம் அந்த நூற்றாண்டில் இது அதிசயமில்லை. மழை போய், ஆறு போய், நெல் போன பிறகும் சீமைக்கருவேலம் மட்டும் போகவில்லை. பட்டணத்தில் விறகடுப்பு விருந்து மோஸ்தராகியிருந்தது. முழு எந்திரத்தை வைத்து வெட்டினால் அதைப் பழுது பார்க்க வேண்டும். ஆளென்றால் தன் சோற்றைத் தானே தேடிக்கொள்வான். எனவே விறகுவெட்டிகளின் வலக்கையை எடுத்துவிட்டுப் பூட்டுத்தோள் பொருத்தினார்கள். அறுக்க ரம்பம், தூக்கக் கவ்வி, பிளக்க ஆப்பு. ஒவ்வொரு முறையும் ஆணியைத் தட்டி, எண்ணெய்க் குழாயை மாற்ற ராக்குவுக்குக் கால்மணி நேரம் பிடிக்கும்.

நாளுக்கு இரண்டு டன் வெட்டாதவனுக்கு இனி மரம் வெட்டும் உரிமச் சீட்டு இல்லை என்று ஆணை வந்தது. ராக்குவின் கணவன் கோட்டைச்சாமி ஒன்றரையைத் தாண்டியதில்லை. சீட்டுப் போனால் உலை இல்லை. இருவரும் பூட்டுத்தோள் விற்கும் கடைக்குப் போனார்கள்.

"இது தானா மாத்திக்கும்ணே," என்று புதுவகைத் தோளைக் காட்டினான் விற்பனையாள் ஜெயசிங். "நின்ன எடத்துல கருவி பேரைச் சொன்னாப் போதும். சுத்தியலே வேணாம்."

"பெரிய தடியத் தூக்குனா ஆளு முன்னால குப்புற விழுவாரே?" என்றாள் ராக்கு.

"முதுகுல எடைப்பெட்டி இருக்குக்கா."

"கவ்விக்குத் தனிக் குழாய் உண்டா?"

"உண்டு. ஆனா ரெண்டு தோள்லயும் பூட்டணும்."

ராக்குவின் கை தானாகக் கணவனின் இடக்கையைப் பிடித்தது.

"விடுடி," என்றான் கோட்டைச்சாமி. "சோத்த அள்ளத்தான அது? ஊட்டிவிட நீ இருக்கயில்ல."

மறுநாள் ஜெயசிங் ஒரு மஞ்சள் பையை நீட்டினான். உள்ளே ஐஸ், ஐஸுக்குள் கை. "பழசை நாங்க எடுத்துக்கிறதில்லக்கா."

புதுத்தோள் பொய் சொல்லவில்லை. முதல் நாளே மூன்று டன். அந்த வாரமே சீட்டுப் புதுப்பிக்கப் போனார்கள், பையோடு. கையைத் தனியே வீட்டில் விட்டுவர ராக்குவுக்கு மனம் வரவில்லை.

அதிகாரி நிமிரவில்லை. "இடது பெருவிரல வைங்க."

கோட்டைச்சாமி கவ்வியை நீட்டினான்.

"விரல்யா. நீங்க உசுரோட இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பேசிக்கிட்டு நிக்கிறேனே சார்!"

"பேச்செல்லாம் பதிவுல ஏறாது."

ராக்கு பையைத் திறந்தாள். விறைத்திருந்த கையை முந்தானையில் துடைத்து, பெருவிரலை ரேகைக் கண்ணாடியில் அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. 'கோட்டைச்சாமி, விறகுவெட்டி. உயிருடன் உள்ளார்.'

அதிகாரி முதல் முறையாகப் புன்னகைத்தார். சீட்டை எடுத்து அந்தக் கையின் விரலிடுக்கில் செருகினார். பிறகு கோட்டைச்சாமியை மேலும் கீழும் பார்த்தார். "இந்த எந்திரம் அவரோடதா? கருவிப் பட்டியல்ல ஏத்தலையே."

"சார், நாந்தான் கோட்டைச்சாமி!"

"அவருதான் வந்துட்டாரே." அதிகாரி எழுந்து அவன் நெற்றியில் எண் வில்லையை ஒட்டினார்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா அவரக் கூட்டிட்டு வாங்கம்மா. ஐஸை மாத்துங்க, பாவம். இப்ப அவர ஃபேனுக்கு அடியில வச்சிட்டு, எந்திரத்த வெளிய வெயில்ல நிறுத்துங்க."

கோட்டைச்சாமி வெளியே போய் வெயிலில் நின்றான்.